போல்ட் தலையில் 8.8, அணைச் சுவரில் 142

2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது பிய்த்துக்கொண்டு போனது. சங்கிலி அறுந்துவிட்டது என்றார்கள். வினாடிக்கு சுமார் 20,000 கன அடி தண்ணீர் பெரிங்கல்குத்து வழியாகச் சாலக்குடி ஆற்றில் இறங்கியது. மஸ்கட்டில் காலையில் கைப்பேசியைத் திறந்தால் ஊர்க்காரர்களின் செய்திகள் குவிந்து கிடந்தன.

ஊர் என்றால் மீனாட்சிபுரம். தமிழ்நாட்டில் அதே பேரில் எத்தனையோ ஊர் உண்டு. நான் சொல்வது பாலக்காடு ஜில்லாவில், பொள்ளாச்சி ரோட்டில், கேரளம் முடிகிற இடத்தில் இருப்பது. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். எங்களுக்கு அணை என்பது செய்தித்தாள் விஷயம் இல்லை. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவில் அளந்து கொடுக்க வேண்டும் என்பது 1970 ஒப்பந்தம். பரம்பிக்குளம் அணை இருப்பது கேரளத்தில்; பராமரிப்பது தமிழ்நாடு; பாலக்காட்டிலிருந்து அங்கே வண்டியில் போவதென்றால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும். இப்படி ஒரு பூகோளம்!

அன்றைக்கு வந்த செய்திகளில் பாதி, "இத்தனை டி.எம்.சி. தண்ணீரின் எடையைச் சங்கிலி எப்படித் தாங்கும்?" என்ற ரகம். எங்கள் வங்கியில் வேலை பார்க்கும் இடுக்கிக்காரர் ஒருவரும் முல்லைப்பெரியாறு பற்றிப் பேசும்போதெல்லாம் இதையே சொல்வார். "சாரே, அந்தப் பழைய மதில்மேல் சாய்ந்து நிற்கிற வெள்ளத்தின் எடை எவ்வளவு தெரியுமா?" அவருடைய பயம் நியாயமானது. ஆனால் அணை தாங்குவது எடையையா, அழுத்தத்தையா?

நான் பி.காம். படித்தவன். இயற்பியல் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் இந்தக் குழப்பம் தீர வணிகவியலே போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க. :-)

வட்டி விகிதமும் வட்டித் தொகையும்

"12 சதவீத வட்டி" என்றால் எத்தனை ரூபாய்? அசல் தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. விகிதம் வேறு, தொகை வேறு. இரண்டையும் இணைப்பது அசல்.

அழுத்தம் என்பது விகிதம். ஒரு சதுர மீட்டருக்கு, அல்லது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு விசை என்ற கணக்கு. எடை என்பது தொகை. இரண்டையும் இணைப்பது பரப்பளவு. இதில் அசல் அதுதான்.

இங்கே ஓமனில் மணல்மேட்டில் வண்டி ஓட்டுபவர்கள் முதலில் செய்வது டயரில் காற்றை இறக்குவது. 35-இல் இருப்பதை 15 பி.எஸ்.ஐ. அளவுக்குக் கொண்டுவருவார்கள். வண்டியின் எடை ஒரு கிலோ கூடக் குறையவில்லை. ஆனால் டயர் சப்பையாகி மணலில் படும் பரப்பு கூடுகிறது. மணல்மேல் அழுத்தம் குறைகிறது. வண்டி புதையாமல் போகிறது. நம் வீட்டு அரிவாள்மணையில் இது தலைகீழ். தீட்டினால் விளிம்பின் பரப்பு குறைகிறது. அதே கை, அதே பலம், ஆனால் பூசணிக்காய் பிளக்கிறது.

போல்ட் தலையில் என்ன எழுதியிருக்கிறது?

இரும்புக் கடையில் நல்ல போல்ட்டை எடுத்துத் தலையைப் பாருங்கள். 4.6, 8.8, 10.9 என்று ஏதாவது பொறித்திருக்கும். உலகமெங்கும் இதே முறைதான். நம் இந்தியத் தரநிர்ணயத்திலும் ஐ.எஸ். 1367 இதைத்தான் பின்பற்றுகிறது. முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுத்தால் அறுபடும் என்ற அளவு கிடைக்கும். 8.8 என்றால் 800. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் விகிதம். 800-இல் பத்தில் எட்டு பங்கு, அதாவது 640 வரை இழுத்தால் போல்ட் ரப்பர் மாதிரி லேசாக நீண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வரும். அதைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான்.

கவனியுங்கள், இதில் கிலோவோ டன்னோ எங்கேயும் இல்லை. போல்ட் தலையில் இருப்பது வட்டி விகிதம் மட்டுமே. எத்தனை டன் தாங்கும் என்பதற்கு அசல் வேண்டும், அதாவது மரையின் குறுக்குப் பரப்பு.

12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு (எம்12 என்பார்கள்) அந்தப் பரப்பு 84.3 சதுர மில்லிமீட்டர். 8.8 தரத்தில் 800 பெருக்கல் 84.3, அதாவது ஏறக்குறைய 67,000 நியூட்டன். எடைக் கணக்கில் 7 டன்னுக்குச் சற்றுக் குறைவு. 20 மில்லிமீட்டர் போல்ட்டின் பரப்பு 245. அது வெறும் 4.6 தரமாகவே இருந்தாலும் 400 பெருக்கல் 245, ஏறக்குறைய 10 டன். விகிதம் பாதிதான், அசல் பெரியது, அதனால் தொகை அதிகம். சிறுசேமிப்பில் 8 சதவீதம் வாங்குகிறவரைவிட, கோடி ரூபாய்க்கு 4 சதவீதம் வாங்குகிறவர் கையில் பணம் கூடுதல் இல்லையா, அதே கதை.

அமெரிக்க போல்ட்டுகளில் இந்த எண்ணுக்குப் பதில் கோடுகள் இருக்கும். ஆறு கோடு போட்ட கிரேடு 8 என்றால் 1,50,000 பி.எஸ்.ஐ. "ஒன்றரை லட்சம் பவுண்டு தாங்கும் போல்ட்" என்று இதைப் புரிந்துகொண்டால் ஆபத்து. அரை அங்குல போல்ட் என்றால் 21,000 பவுண்டு சொச்சத்திலேயே அறுந்துவிடும். இவையெல்லாம் அறுபடும் அளவுகள். வேலைக்கு வைக்கும்போது இன்னும் எவ்வளவோ குறைவாகத்தான் வைப்பார்கள்.

தண்ணீரின் விசித்திரம்

இப்போது தண்ணீருக்கு வருவோம். ஹாலந்துப் பக்கத்தைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின் 1586-இல் ஒரு விஷயத்தை எழுதினார். பாத்திரத்தின் அடியில் தண்ணீர் தரும் அழுத்தம் தண்ணீரின் உயரத்தை மட்டுமே பொறுத்தது. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல. அடுத்த நூற்றாண்டில் பாஸ்கல் இதை விரிவாக ஆராய்ந்தார். அழுத்தத்தின் அலகுக்கு 1971-இல் அவர் பெயரையே வைத்தார்கள்.

கணக்கு சுலபம். 10 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 10 டன். 40 மீட்டர் ஆழத்தில் 40 டன். ஏரி ஒரு மைல் நீளமானாலும் சரி, முப்பது மைல் நீளமானாலும் சரி, கிணறாக இருந்தாலும் சரி, இதே எண்தான்.

முல்லைப்பெரியாற்றின் மொத்தக் கொள்ளளவு 15.66 டி.எம்.சி. எடைபோட்டால் ஏறக்குறைய 44 கோடி டன். இடுக்கி நண்பர் சொல்லும் எடை இதுதான். ஆனால் 366 மீட்டர் நீளச் சுவரில் எல்லா இடத்திலும் 152 அடி ஆழம் என்று மிகைப்படுத்திக் கணக்கிட்டாலும், சுவரைத் தள்ளும் விசை 4 லட்சம் டன்னைத் தாண்டாது. ஆயிரத்தில் ஒரு பங்கு! மீதியைக் காட்டின் தரையும் மலைச்சரிவுகளும் தாங்குகின்றன.

பரம்பிக்குளம் சங்கிலிக்கும் இதே கணக்குதான். உதாரணத்துக்கு 10 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம் உள்ள ஒரு ஷட்டர். மேல்விளிம்பில் அழுத்தம் பூஜ்யம், அடியில் சதுர மீட்டருக்கு 8 டன், சராசரி 4. பரப்பு 80. ஆக 320 டன் தள்ளுகிறது. ஆனால் அந்த 320 டன்னைத் தாங்குவது சங்கிலி இல்லை. இரு பக்கத் தூண்களில் உள்ள பள்ளங்கள். சங்கிலி சுமப்பது ஷட்டரின் சொந்த எடையையும் உராய்வையும்தான். உருளைகள் நன்றாகச் சுழன்றால் உராய்வு சொற்பம். துருப்பிடித்து நின்றுவிட்டால்? 320-இல் மூன்றில் ஒரு பங்கு உராய்வானாலும் நூறு டன்னுக்கு மேல் சங்கிலியின் தலையில் விழும். அணையில் எண்ணெய் போடுவதும் கிரீஸ் தடவுவதும் சில்லறை வேலை இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்திரா அணையின் 19-ஆவது ஷட்டரும் சங்கிலி அறுந்துதான் போனது.

எடையை நம்பிக் கட்டிய அணை

முல்லைப்பெரியாறு எடையால் நிற்கும் அணை. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் வேலை தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1886 அக்டோபர் 29-இல், திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய். 1895 அக்டோபர் 10-இல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும். உச்சியில் 12 அடி அகலம், அடியில் 138 அடி. தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும். கல் தன் கனத்தால் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் தத்துவம்.

இந்தத் தத்துவத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அது தெரியவந்ததும் அதே 1895-இல்தான்.

அந்த ஆண்டு ஏப்ரல் 27-இல், முல்லைப்பெரியாறு திறப்பதற்கு ஐந்தரை மாதம் முன்பு, பிரான்சில் பூசே என்ற அணை உடைந்தது. 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவும் எடையால் நிற்கும் கல் அணை. 1884-இலேயே ஒரு பகுதி சற்று நகர்ந்தது. பலப்படுத்திவிட்டுத் திரும்பவும் நிரப்பினார்கள். அப்படியும் மேல்பகுதி ஒடிந்து விழுந்தது.

காரணத்தை ஆராய்ந்தபோது தெரிந்தது இது. தண்ணீர் சுவரை முன்னால் இருந்து மட்டும் தள்ளவில்லை. விரிசலிலும் அடித்தளத்திலும் நுழைந்து கீழிருந்து மேலாகத் தூக்கியது. அழுத்தத்துக்குத் திசை கிடையாது. புகுந்த இடத்தில் எல்லாப் பக்கமும் தள்ளும். மேல்நோக்கித் தூக்கும்போது அணையின் எடை, தராசில் குறையாவிட்டாலும், தரையின்மேல் குறைந்துவிடுகிறது. மோரிஸ் லெவி என்ற பிரெஞ்சு அறிஞர் அதே ஆண்டிலேயே, இனி அணை வடிவமைப்பில் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதினார்.

முல்லைப்பெரியாற்றில் அதற்குள் சுவர் எழும்பிவிட்டது. அதன் வடிவமைப்பில் இந்த மேல்நோக்கு அழுத்தம் சேர்க்கப்படவில்லை. பென்னிகுயிக்கின் குறை அல்ல; அந்தக் காலத்து அறிவு அவ்வளவுதான்.

இது எவ்வளவு பெரிய எண் தெரியுமா? 142 அடி மட்டத்தை அப்படியே ஆழமாக எடுத்தால் 43 மீட்டர் சொச்சம். அடி அகலம் 42 மீட்டர். வடிகால் எதுவுமே இல்லை, ஒரு ஓரத்தில் முழு அழுத்தம், மறு ஓரத்தில் பூஜ்யம் என்று மோசமான நிலையை வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 900 டன் மேல்நோக்கித் தூக்கும். பக்கவாட்டில் தள்ளும் விசையும் ஏறக்குறைய அதே அளவுதான், 937 டன்.

95 பெரிய போல்ட்டுகள்

1979 ஆகஸ்ட் 11-இல் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்வி நகரம் மூழ்கியது. நாடெங்கும் பழைய அணைகளைப் பற்றிப் பயம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 25-இல் மத்திய நீர்வள ஆணையத் தலைவர் கே.சி.தாமஸ் முன்னிலையில் திருவனந்தபுரத்தில் இரு மாநிலங்களும் கூடின. நீர்மட்டம் 136 அடிக்குக் குறைந்தது. மூன்று வேலைகள் முடிவாயின: உச்சியில் ஆர்.சி.சி. போர்வை, கேபிள் நங்கூரம், பின்பக்கம் கான்கிரீட் முட்டு.

நம் விஷயத்துக்கு முக்கியம் இரண்டாவது. அணையின் உச்சியிலிருந்து அடித்தளப் பாறைக்குள் 30 அடி வரை துளை போட்டார்கள். ஒவ்வொன்றிலும் 7 மில்லிமீட்டர் கனமுள்ள 34 உயர்தர எஃகுக் கம்பிகள் சேர்ந்த கேபிளை இறக்கி, அடியில் சிமெண்டுக் கலவையால் பாறையோடு பிடிக்கவைத்து, மேலே 120 டன் விசையில் இழுத்துப் பூட்டினார்கள். இப்படி 95 கேபிள்கள். வேறென்ன, அணையையும் மலையையும் சேர்த்து முடுக்கிய 95 ராட்சத போல்ட்டுகள்! உலகத்தில் இதற்கு முன்னோடி 1930-களில் அல்ஜீரியாவின் ஷர்ஃபா அணையில் ஆந்த்ரே குவான் என்ற பொறியாளர் செய்த வேலை.

போல்ட் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 7 மில்லிமீட்டர் கம்பியின் பரப்பு 38.5 சதுர மில்லிமீட்டர். 34 கம்பிக்கு 1,309. அதில் 120 டன் என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 900 நியூட்டன். 8.8 போல்ட் என்றால் அறுந்தே போயிருக்கும். அதனால்தான் உயர்தரக் கம்பி.

95 பெருக்கல் 120, மொத்தம் 11,400 டன். கேபிள்களின் சொந்த எடை எல்லாம் சேர்த்தாலும் நூறு டன் தேறாது. அதாவது நூறு டன் எஃகு, பதினோராயிரம் டன் கல்லை அணைமேல் ஏற்றிவைத்த வேலையைச் செய்கிறது. எடை இல்லாமல் எடையின் பலன்!

ஆனால் இதையும் மிகைப்படுத்தக் கூடாது. 366 மீட்டருக்குப் பிரித்தால் மீட்டருக்கு 31 டன். நீர்மட்டம் 136-லிருந்து 142 ஆனால், பக்கவாட்டு விசை மீட்டருக்கு 859-லிருந்து 937 ஆகிறது. 78 டன் கூடுதல். ஒன்று கீழ்நோக்கி, மற்றது பக்கவாட்டில், நேராகக் கழிக்க முடியாதுதான். ஆனாலும் கேபிள் மட்டும் போதாது, பின்பக்க முட்டும், உள்ளே கசிகிற நீரை வடித்து மேல்நோக்கு அழுத்தத்தைக் குறைக்கும் வடிகால் சுரங்கமும் ஏன் தேவைப்பட்டன என்பது இதில் தெரிகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மட்டம் கூடியது 4.4 சதவீதம். தள்ளுவிசை கூடியது 9 சதவீதம். கவிழ்க்கும் திறன் கூடியது ஏறக்குறைய 14 சதவீதம். தண்ணீர் கூட்டுவட்டிக்காரன் மாதிரி. "ஆறு அடிதானே" என்று தமிழ்நாட்டுப் பக்கம் அலட்சியமாகச் சொல்வதும் சரியில்லை.

போல்ட் எவ்வளவு நல்லதானாலும் அது பிடிக்கும் பொருளும் தாங்க வேண்டும். வாஷர் போடுவது எதற்கு? அதே விசையை அகலமான பரப்பில் பரப்பி, அடியில் உள்ள மரம் நசுங்காமல் காக்க. பழைய சுர்க்கிச் சுவரிலிருந்து சுண்ணாம்பு கரைந்து போகிறது என்று கேரளம் எழுப்பும் வாதத்தின் சாரம் இதுதான். கம்பியின் தரம் சரி, சுவரின் தரம் என்ன? கேட்கவேண்டிய கேள்வி. அளந்து பதில் சொல்லவேண்டிய கேள்வியும்கூட. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் அணை பாதுகாப்பானது என்று ஏற்று 142 அடிக்கு அனுமதித்தது. ஒரு நாள் தீர்ப்பு ஆண்டுக்கணக்கான அளவீட்டுக்கு மாற்று ஆகாது. கசிவு எவ்வளவு, அடித்தளத்தில் அழுத்தம் எவ்வளவு என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இரண்டு பேரேடு

கடைசியாக, வங்கிக்காரனாக ஒன்று. கடன் கொடுக்கும்போது நாங்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்போம். இந்த ஆள் கட்டாமல் போக வாய்ப்பு எவ்வளவு? போனால் நமக்கு நஷ்டம் எவ்வளவு? இரண்டையும் ஒரே பேரேட்டில் குழப்பி எழுதினால் வங்கி திவால்தான்.

அணை உடையுமா என்பதற்குப் பதில் அழுத்தத்தில் இருக்கிறது. அடிக்கணக்கு, கேபிளின் இழுவிசை, அடித்தளத்தில் புகும் நீர். உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் எடையில் இருக்கிறது. 15 டி.எம்.சி., 44 கோடி டன், கீழே உள்ள வண்டிப்பெரியாறும் உப்புத்தறையும். தமிழ்நாடு பேசுவதெல்லாம் முதல் பேரேடு. கேரளம் பயப்படுவதெல்லாம் இரண்டாவது பேரேடு. "பலப்படுத்தியாயிற்று" என்பது இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை. "எவ்வளவு தண்ணீர் நிற்கிறது பார்" என்பது முதல் கேள்விக்குப் பதில் இல்லை. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக இரண்டு பேரும் வேறு வேறு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்றவர் கணக்கு தப்பு என்கிறார்கள்.

இதை இடுக்கி நண்பரிடம் ஒரு மதிய உணவு நேரத்தில் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி சாரே, உங்கள் முதல் பேரேட்டை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் அம்மா குடியிருப்பது இரண்டாவது பேரேட்டில்" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் மீனாட்சிபுரத்து வயலுக்கும் தண்ணீர் வேண்டும், தேனிக்கும் வேண்டும். அவருடைய அம்மா இரவில் நிம்மதியாகத் தூங்கவும் வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் செய்தியில் அடியும் டி.எம்.சி.யும் கலந்து வரும்போது, எது எந்தப் பேரேட்டுக் கணக்கு என்று ஒரு நிமிடம் பிரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் வாதாடுவோம்.